கொழும்பில் நாலு பேரை வேலைக்கு வைத்திருக்கிறீர்களா? சம்பளக் கணக்கை முதல் மாதத்திலேயே சரியாகப் போடுங்கள்

வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் சென்டர், கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகம், கெய்சர் வீதியில் ஒரு புடவைக்கடை என்று மூன்று பேரிலிருந்து இருபது பேர் வரை வேலை செய்யும் இடங்களின் கணக்கைத்தான் நான் பார்க்கிறேன். இந்த முதலாளிமாரில் பெரும்பாலானவர்கள் நல்ல மனிதர்கள். மாதம் பிறந்ததும் சம்பளம் கொடுத்துவிடுவார்கள், தீபாவளிக்குப் போனஸ் தருவார்கள், வேலை செய்யும் பிள்ளையின் கலியாணத்துக்கு நகை கூட எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் சட்டப்படி அவர்களுடைய சம்பளக் கணக்கு சரியா என்று பார்த்தால் பாதி இடத்தில் சரியில்லை. விசாரித்தால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "நாங்கள் ரெண்டு பேரும் பேசித்தான் முடிவெடுத்தோம்."

இலங்கையின் தொழில் சட்டம் நீங்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேட்பதில்லை. ஆள் வேலை செய்தாரா, அதற்குக் காசு வாங்கினாரா என்பதை மட்டும்தான் பார்க்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசியுங்கள்.

"எனக்கு ஈபிஎப் வேண்டாம், கையில தாங்கோ முதலாளி"

அடிக்கடி நடப்பது இதுதான் என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன். ஈபிஎப்புக்கு, அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு, சம்பளத்தில் 8 சதவீதம் பிடிபடும் என்றதும் புதிதாகச் சேரும் பிள்ளை தயங்குவார். வாடகை, வீட்டுக்கு அனுப்பும் காசு, பஸ் செலவு எல்லாம் போக அவருக்கு அந்த 8 சதவீதமே பெரிய தொகை. முதலாளிக்கும் தன் பங்கான 12 சதவீதம் மிச்சம். இருவரும் ஒரு வெள்ளைத் தாளில் "ஈபிஎப் தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தாளுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் விரும்பினால் சேரலாம், விரும்பாவிட்டால் விலகலாம் என்ற தெரிவே கிடையாது. தகுதிகாண் காலம், தற்காலிகம், நாட்கூலி, பகுதிநேரம், சம்பளத்தோடு பயிற்சி என்று எந்தப் பெயரில் ஆளை வைத்திருந்தாலும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். "ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்கிய பிறகு கட்டுவோம்" என்பது கொழும்பில் பல கடைகளில் வழக்கம், சட்டத்தில் அதற்கு இடமில்லை. வீட்டு வேலைக்கு வைத்திருப்பவர்கள், குடும்ப உறுப்பினர்கள் மட்டுமே வேலை செய்யும் இடங்கள், பத்துப் பேருக்குக் குறைவான தர்ம நிறுவனங்கள் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஊழியரின் 8 சதவீதத்தை அந்தந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்கும்போதே பிடித்துவிட வேண்டும். அப்போது பிடிக்காமல் விட்டுவிட்டு, மூன்று வருடம் கழித்துத் தொழில் திணைக்களம் வந்து நிற்கும்போது "அவருடைய பங்கை அவரிடம் வாங்குகிறேன்" என்று சொல்ல முடியாது. உங்கள் 12, அவருடைய 8, இரண்டும் சேர்த்து 20 சதவீதமும் உங்கள் பையிலிருந்துதான் போகும், அதற்கு மேல் பிந்தியதற்கான மிகைக்கட்டணம் வேறு.

ஆள் சேர்ந்ததும் செய்ய வேண்டியவை

முதல் ஊழியரை எடுத்து 14 நாட்களுக்குள் உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் டி (D) படிவத்தைக் கொடுத்துத் தொழில்தருநராகப் பதிந்து இலக்கம் எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஊழியருக்கும் அங்கத்துவ இலக்கம் கொடுத்துப் பதிய வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தை, அதாவது இடிஎப்பை, தனியாகக் கட்ட வேண்டும். அது 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதில் 3 சதவீதம் முழுவதும் உங்கள் செலவு, ஊழியரிடம் ஒரு சதம்கூடப் பிடிக்கக்கூடாது.

பெயர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நம் ஆட்களுக்கு இது தனித் தலையிடி. அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், பாங்க் புத்தகத்தில் இன்னொன்று, தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் முழுப்பெயராகப் பின்னால். கடையில் கூப்பிடும் பெயரையே படிவத்தில் எழுதி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளை காசை எடுக்கப் போகும்போதுதான் பிரச்சினை வெளியே வரும். அப்போது சத்தியக் கடதாசி, பிறப்புச் சாட்சிப்பத்திரம் என்று அலைய வேண்டியது அவர்தான். அடையாள அட்டையின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடியே எழுதுங்கள், இலக்கத்தை இரண்டு தடவை பாருங்கள். பழைய ஒன்பது இலக்க அட்டையைப் பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையாக மாற்றியவர்களுடைய பதிவையும் சேர்த்துத் திருத்திவிடுங்கள்.

நியமனக் கடிதமும் கட்டாயம்தான். பதவி, அடிப்படைச் சம்பளம், படிகள், வேலை நேரம், லீவு எல்லாம் அதில் இருக்கட்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு எடுக்கவே கூடாது, தகப்பன் வந்து கெஞ்சினாலும்.

எவ்வளவுக்கு எவ்வளவு?

ஒரு உதாரணத்தை எடுப்போம். புடவைக்கடையில் ஒரு விற்பனையாளர். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா, வாழ்க்கைச் செலவுப் படி 8,000 ரூபா, இந்த மாதம் 20 மணித்தியாலம் ஓவர்டைம்.

ஈபிஎப் 48,000க்குக் கணக்கிடப்படும். அவரிடம் பிடிப்பது 8 சதவீதம், 3,840. நீங்கள் போடுவது 12 சதவீதம், 5,760. மத்திய வங்கிக்கு மொத்தம் 9,600 போகிறது. இடிஎப் 3 சதவீதம், 1,440. ஓவர்டைமுக்கு ஈபிஎப்பும் இல்லை, இடிஎப்பும் இல்லை. ஆக, 48,000 சம்பளம் என்று நீங்கள் நினைக்கும் ஆள் ஓவர்டைமுக்கு முன்பே உங்களுக்கு 55,200 ரூபா செலவு. ஆளை எடுக்கும்போதே இந்த எண்ணை வைத்துப் பேசுங்கள். 48,000 என்று பேசிவிட்டுப் பிறகு 15 சதவீதத்தை எங்கே மிச்சம் பிடிப்பது என்று தேடும்போதுதான் குறுக்கு வழிகள் எல்லாம் தொடங்குகின்றன.

அந்தக் குறுக்கு வழிகளில் பிரபலமானது, அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு மீதியைப் படி என்று எழுதுவது. இது எடுபடாது. வாழ்க்கைச் செலவுப் படி, விசேட படி, சாப்பாட்டுப் படி, விற்பனைக் கொமிஷன், துண்டு வேலைக்கான கூலி, லீவு நாளுக்குக் கொடுக்கும் சம்பளம் எல்லாமே ஈபிஎப் கணக்குக்குள் வரும். புறக்கோட்டையில் மதியச் சோறு கொடுக்கும் கடைகள் நிறைய இருக்கின்றன. சட்டப்படி நீங்கள் கொடுக்கும் அந்தச் சாப்பாட்டின் பணப் பெறுமதியும் சம்பாத்தியத்தில் சேரும், சமைத்துக் கொடுத்தாலும் சரி, அரிசியாகக் கொடுத்தாலும் சரி. வேலைக்காக அவர் செலவழித்த காசை பில் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது மட்டும் வேறு விஷயம், அது சம்பளமில்லை.

குறைந்தபட்சச் சம்பளத்தையும் பாருங்கள். 2016இன் 3ஆம் இலக்கச் சட்டத்தில் 10,000 ரூபாவில் தொடங்கிய தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரி முதல் 30,000 ஆகிவிட்டது. நாட்சம்பளம் 1,200 ரூபா. ஓவர்டைமைச் சேர்த்து 30,000 வருகிறது என்று காட்ட முடியாது. பழைய நியமனக் கடிதங்களில் இன்னும் 20,000, 25,000 என்று கிடக்கும், அவற்றை எடுத்து மாற்றுங்கள்.

மூன்று திகதிகள்

மாதச் சம்பளத்தை அந்த மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பிடித்த வருமான வரியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். ஈபிஎப்பும் இடிஎப்பும் அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள். கடைசி நாள் ஞாயிறாகவோ போயாவாகவோ வந்து தொலைக்கும், அதனால் நான் எல்லோருக்கும் 20ஆம் திகதியையே எல்லையாக வைத்திருக்கிறேன். காசு மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது, யாருக்கு எவ்வளவு என்ற சி படிவ விபரமும் போக வேண்டும். விபரம் போகாத காசு உங்கள் கணக்கிலிருந்து போயிருக்கும், ஆனால் பிள்ளையின் கணக்கில் ஏறியிருக்காது. இணையவழியில் அனுப்பும் வசதி இருப்பதால் இதில் சுணங்க வேண்டிய அவசியமே இல்லை.

பிந்தினால் என்ன ஆகும்? ஈபிஎப்பில் 10 நாள் வரை 5 சதவீதம், ஒரு மாதம் வரை 15, மூன்று மாதம் வரை 20, ஆறு மாதம் வரை 30, ஒரு வருடம் வரை 40, அதற்கு மேல் போனால் 50 சதவீதம் மிகைக்கட்டணம். மேலே சொன்ன விற்பனையாளருக்கு மூன்று வருடம் கட்டவே இல்லை என்று வையுங்கள். ஈபிஎப் மட்டும் 345,600 ரூபா. அதில் ஒரு வருடத்துக்கு மேல் பிந்திய 24 மாதங்களுக்கு மட்டும் மிகைக்கட்டணம் 115,200. இடிஎப் பாக்கி 51,840, அதற்கும் தனியாக மிகைக்கட்டணம் உண்டு. ஒரே ஒரு ஆளுக்கே இவ்வளவு. கட்டாவிட்டால் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே இந்தப் பாக்கி தண்டப்பணம் போல அறவிடப்படும். கம்பனி என்றால் பணிப்பாளர்களுக்குத்தான் அழைப்பாணை வரும்.

பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பதுதான் எனக்குச் சகிக்கவே முடியாதது. வியாபாரம் மந்தமான மாதத்தில் சப்ளையருக்குக் காசோலை போக வேண்டும், கடை வாடகை இருக்கிறது, ஈபிஎப் காசு பாங்கில் கிடக்கிறது, "அடுத்த மாதம் சேர்த்துக் கட்டுவோம்" என்று தோன்றும். சம்பளச் சிட்டையில் 3,840 என்று கழித்து எழுதிய அந்த நிமிடமே அது உங்கள் காசு இல்லை. பத்து வருடம் கட்டி, கணக்கில் 300,000 ரூபாவுக்கு மேல் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியச் செலவுக்கோ 30 சதவீதம் வரை இடையிலேயே எடுக்கலாம் என்ற வசதி இருக்கிறது. அதை நம்பி வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய ஒரு பெண்ணின் கணக்கு விபரத்தை நானே பார்த்தேன். சம்பளச் சிட்டைகளைக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார், எல்லாவற்றிலும் கழிவு இருக்கிறது, கணக்கில் மாதக்கணக்காக ஓட்டை. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்ப பிடிச்ச காசு எங்க போனது?"

வருமான வரி

2023 ஜனவரியிலிருந்து ஏபிஐடி என்ற முற்பணத் தனிநபர் வருமான வரியைப் பிடிப்பது உங்கள் கடமை. ஊழியரின் சம்மதம் தேவையில்லை. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம், அதாவது மாதம் 150,000 ரூபா வரை வரியில்லை. அதற்கு மேல் வருடத்தின் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்தடுத்த ஐந்து இலட்சங்களுக்கு 18, 24, 30, மீதிக்கு 36. மாதம் 200,000 வாங்குபவருக்கு 3,000 ரூபா, 300,000 வாங்குபவருக்கு 18,500.

இங்கே இரண்டு இடத்தில் பிழை விடுகிறார்கள். ஒன்று, ஈபிஎப் கணக்கும் வரிக் கணக்கும் ஒன்று என்று நினைப்பது. ஓவர்டைமுக்கு ஈபிஎப் இல்லை, வரி உண்டு. போனஸும் வரிக்குள் வரும். கம்பனி கொடுக்கும் வாகனம், வீடு போன்ற சலுகைகளுக்கும் பெறுமதி போட வேண்டும். மற்றது, 8 சதவீதத்தைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி போடுவது. அப்படிக் கழிக்க முடியாது, முழுச் சம்பளத்துக்கும்தான் வரி. ஏப்ரல் 30க்குள் வருடாந்தக் கூற்றை அனுப்பிவிட்டு, ஊழியருக்கு டி10 (T10) சான்றிதழைக் கொடுங்கள். அது இல்லாமல் அவரால் தன் வரி விபரத்தை ஒழுங்காக நிரப்ப முடியாது. வேறு இடத்திலும் வேலை செய்கிறாரா என்று கேட்டு, எது பிரதான தொழில் என்ற பிரகடனத்தையும் எழுத்தில் வாங்கி வையுங்கள், இரண்டாவது தொழிலுக்கு வேறு அட்டவணை.

ஓவர்டைம், போயா, லீவு

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் ஓவர்டைம், அதுவும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. மணித்தியாலச் சம்பளம் பார்க்க மாதச் சம்பளத்தை 240ஆல் பிரியுங்கள்: 48,000க்கு 200 ரூபா, ஒன்றரை மடங்கு 300, எங்கள் விற்பனையாளரின் 20 மணித்தியாலத்துக்கு 6,000. தீபாவளி, நத்தார் சீசனில் இரவு ஒன்பது பத்து வரை கடை திறந்திருக்கும்போது "எல்லாருக்கும் ஒரு 2,000 கொடுத்துவிடுவோம்" என்று சமாளிக்க வேண்டாம். வரவுப் பதிவில் உண்மையான நேரத்தை எழுதி, கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.

உங்கள் தொழிலுக்கென்று சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபை இருந்தால் கணக்கு மாறும். அச்சுத் தொழில், வெதுப்பகம், ஹோட்டல், மோட்டார் போக்குவரத்து போன்றவற்றுக்கு 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனித்தனிச் சபைகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் 240 அல்ல, 200ஆல் பிரிக்க வேண்டும். அதே 48,000க்கு மணித்தியாலம் 240, ஓவர்டைம் 360. ஒரே அச்சகத்துக்குள் மெஷினில் நிற்பவர் ஒரு சட்டத்திலும் முன்னால் பில் போடுபவர் இன்னொரு சட்டத்திலும் வரலாம்.

போயா அன்று வேலை வாங்கினால் ஒன்றரை நாள் சம்பளம். அதைவிடக் கடை ஊழியருக்குச் சம்பளத்தோடு எட்டு விடுமுறைகள்: தைப்பொங்கல், சுதந்திர தினம், புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக்குக்கு மறுநாள், மிலாதுன் நபி, நத்தார். அன்று வேலை செய்தால் இரட்டைச் சம்பளம், அல்லது வருடம் முடிவதற்குள் பதில் லீவு. தீபாவளி இந்த எட்டில் இல்லை. கலண்டரில் பொது விடுமுறை என்று இருந்தாலும், கடைக்காரருக்குச் சட்டத்தில் அது கட்டாயமில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு லீவு கொடுங்கள், அதை நியமனக் கடிதத்திலேயே எழுதியும் விடுங்கள்.

முழு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் கெசுவல். பிரசவத்துக்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்தோடு, எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும். அந்தக் காலத்தில் ஈபிஎப், இடிஎப்பை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் கொடுக்கிறீர்கள் என்றால் அதுவும் போக வேண்டும்.

ஆள் விலகும்போது

15 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் பாதி, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும். 48,000 வாங்கியவர் 12 வருடத்தில் விலகினால் 288,000 ரூபா, அதை 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அவராகவே வேலையை விட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும், இதை நம்ப மறுக்கிற முதலாளிமார் அதிகம். பிந்தினால் 10 முதல் 30 சதவீதம் வரை கூடும். 15 பேருக்குக் குறைவு என்றாலும் ஊழியர் தொழில் நியாய சபைக்குப் போய்க் கேட்க வழி இருக்கிறது. மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைக்காவிட்டால், இரண்டு பழைய ஆட்கள் ஒரே வருடத்தில் விலகும்போது கடைக்குத் தாங்காது.

பாக்கி ஏற்கனவே இருந்தால்

இதை வாசித்துவிட்டு வயிற்றைக் கலக்கினால், ஒளித்து வைக்காதீர்கள், பழைய திகதியில் சிட்டை தயாரிக்காதீர்கள். யார் யாருக்கு எந்த எந்த மாதம் விடுபட்டது என்று ஆள்வாரியாக எழுதுங்கள். இந்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் ஒழுங்காகக் கட்டத் தொடங்குங்கள். பிறகு பட்டியலை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்கோ நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்கோ நீங்களாகவே போய், தவணையில் கட்டுவதைப் பற்றிப் பேசுங்கள். முறைப்பாடு வந்து தொழில் அலுவலர் கடைக்குள் நுழைந்த பிறகு பேசுவதைவிட இது எவ்வளவோ இலகு.

அவர் வந்தால் கேட்பது வரவுப் பதிவு, சம்பளப் பட்டியல், கையெழுத்து வைத்த சம்பளச் சிட்டைகள், சி படிவங்கள், பணம் கட்டிய ரசீதுகள். ஊழியர்களிடம் தனியாகவும் கேட்பார், அவர்கள் சொல்வதும் உங்கள் பதிவும் ஒத்துப்போக வேண்டும். எல்லாவற்றையும் மாதவாரியாக ஒரே கோப்பில் போட்டு, விலகிப் போனவர்களுடையதையும் சேர்த்து வையுங்கள். எட்டு வருடத்துக்கு முன் விட்டுப் போன ஒருவர் தன் கணக்கில் ஒரு மாதம் குறைகிறது என்று வந்து நிற்கும்போது, அந்த மாதத்து ரசீதை எடுத்து அவர் கையில் கொடுக்க முடிய வேண்டும்.